தீவும் சேரியும்: சிறார் சாகசக் கதைகளின் வரைபட வரலாறு



1901ஆம் ஆண்டு நடந்த ஒரு பயணத்திலிருந்து தொடங்குகிறேன். சத்தாராவிலிருந்து சில சிறுவர்கள் ரயில் ஏறுகிறார்கள். கூட வரப் பெரியவர்கள் யாருமில்லை. புதுச்சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச்செருப்பு என்று ஒவ்வொன்றும் அந்தப் பயணத்துக்காகவே வாங்கியது. கோரேகாவில் காசாளராக வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை; அனுப்பிய கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பொழுது சாய்கிறது. மாட்டுவண்டி, இருட்டு, யாரென்று தெரியாத வண்டிக்காரன், நடு இரவில் ஒரு சுங்கச்சாவடி. அங்கே தாங்கள் யார் என்பதை மறைத்து வேறு ஆட்களாகப் பேசவேண்டிய கட்டாயம்.

சிறுவர் சாகசக் கதைக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கின்றன. பெரியவர்கள் இல்லாத பயணம், தவறிப்போன கடிதம், மாறுவேடம், இரவு, ஆபத்து. அந்தச் சிறுவர்களில் ஒருவருக்கு வயது ஒன்பது. அவர் பெயர் பீமராவ். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் பிற்காலத்தில் அவரே இதை எழுதினார். சாகசக் கதையில் சிறுவன் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் உலகம் அவனுக்குத் திறந்துகொள்ளும். இங்கே அது ஒவ்வொரு கதவாக மூடிக்கொள்கிறது. ‘மகர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நிலைய அதிகாரி விலகிப் போய்விடுகிறார். இரட்டிப்புக் கூலி கொடுத்தும், வண்டியைச் சிறுவர்களே ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்துதான் வருகிறான். கட்டுச்சோறு நிறைய இருக்கிறது. தண்ணீர் கிடைக்காததால் அதைத் தொடாமலே பட்டினியாகப் படுக்கிறார்கள். அந்த அப்பா வேலைபார்த்த இடம் எது தெரியுமா? பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காக அரசாங்கம் வெட்டிக்கொண்டிருந்த ஏரி. ஏரி வெட்டும் இடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு வழியில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

நான் படித்தது சமூகவியல். அதனால் இலக்கியக் கூட்டத்தில் அந்தத் துறையின் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். சிறுவர்களுக்கான சாகச உலகங்களை யார் உண்டாக்கினார்கள்? அந்த உலகத்தின் வரைபடத்தில் யாருக்கு வழி இருந்தது, யார் வழித்துணையாகவும் சுமைகூலியாகவும் பலியாகவும் மட்டும் இருந்தார்கள்? ‘குழந்தைகளுக்கான கதைதானே, அதில் என்ன அரசியல்’ என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். மாநாடுகளில் கவிதைக்கு ஓர் அமர்வு, தன்வரலாற்றுக்கு இரண்டு அமர்வு, சிறுவர் இலக்கியத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தின் பாக்கியை இன்று வசூலிக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

நவீன சாகசக் கதையின் தாய்க்கிராமம் 1719இல் டேனியல் டிஃபோ எழுதிய ‘ராபின்சன் குரூசோ’. அது சிறுவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. 1762இல் ‘எமிலி’ என்ற கல்வி நூலில் ரூசோ, தன் கற்பனை மாணவனுக்கு முதலில் கொடுக்கவேண்டிய புத்தகம் இதுதான் என்று எழுதினார். தனி மனிதன், தன் கையே தனக்குதவி, இயற்கையிடமிருந்து கற்றல் என்பவை அவருக்குப் பிடித்திருந்தன. அதற்குப் பிறகு சுருக்கப் பதிப்புகளாகவும் பள்ளிப் பாடமாகவும் அது உலகம் முழுக்கப் போனது. சுருக்கும்போது எது விடுபட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குரூசோ ஏன் கப்பல் ஏறினான்? அவனுக்குப் பிரேசிலில் தோட்டம் இருந்தது. வேலைக்கு ஆள் வேண்டும். ஆப்பிரிக்காவின் கினி கடற்கரைக்கு அடிமைகளைக் கொண்டுவரப் போன வழியில்தான் கப்பல் உடைகிறது. அதற்கு முன்பே இன்னொரு கதை உண்டு. மூர்களிடம் அடிமையாக இருந்து தப்பியபோது அவனோடு ஸூரி என்ற சிறுவனும் தப்பிக்கிறான். படகில் அவனுக்கு விசுவாசமாக இருந்து எல்லா ஆபத்திலும் கூட நிற்கிறான். கடைசியில் அவர்களைக் காப்பாற்றிய போர்த்துகீசியக் கப்பல் தலைவனிடம் அந்தப் பையனை அறுபது வெள்ளிக் காசுக்குக் குரூசோ விற்றுவிடுகிறான். சாகசக் கதை என்ற வகையின் முதல் பெரிய புத்தகத்தில், உண்மையாகவே சாகசம் செய்த சிறுவன் விற்கப்படுகிறான். பிற்பாடு தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை வரும்போதுதான் ஸூரியை விற்றதற்காக அவன் வருத்தப்படுகிறான்.

பிறகு தீவில் அந்த இன்னொரு மனிதன். அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும். குரூசோ கேட்பதில்லை. காப்பாற்றிய நாள் வெள்ளிக்கிழமை, ஆகவே ஃப்ரைடே. தன்னை எப்படிக் கூப்பிடவேண்டும் என்றும் உடனே கற்றுக்கொடுக்கிறான்: எஜமான். இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சூத்திரனுக்கு வைக்கும் பெயர் இழிவைக் குறிக்கவேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. அந்தச் சூத்திரனுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதை நம் பாட்டன் பாட்டிகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே தெரியும். பெயரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துத் திரும்பவும் பேசவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீவு பெருகிக்கொண்டே போனது. 1857இல் ஆர். எம். பாலண்டைன் ‘பவளத் தீவு’ எழுதினார். மூன்று பிரிட்டிஷ் சிறுவர்கள் பசிபிக் தீவொன்றில் ஒதுங்குகிறார்கள். பாலண்டைன் கனடாவில் தோல் வணிகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பசிபிக் கடல் பக்கமே போனதில்லை. அதனால் தேங்காய் மரத்தில் எப்படித் தொங்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மட்டை உரித்து லண்டன் கடையில் விற்கிறார்களே, அப்படியே மரத்திலும் காய்க்கும் என்று நினைத்து எழுதிவிட்டார். தென்னை மரமேறிகளின் பிள்ளைகள் இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகம் சிரிப்புக்கு ஆளாகவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. தேங்காயைப் பற்றித் தெரியாதவர் தேங்காய் விளையும் ஊர்க்காரர்களின் குணத்தைப் பற்றி எழுதியதை உலகம் நம்பியது.

1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமர் என்ற ஊரில், மழை நாளொன்றில், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தன் மனைவியின் முதல் திருமணத்து மகனோடு உட்கார்ந்து ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க மனிதர்கள் அதிலிருந்து எழுந்துவந்தார்கள் என்று பிறகு எழுதினார். ‘புதையல் தீவு’ அப்படிப் பிறந்தது. பதிப்பாளருக்கு அனுப்பிய அசல் படம் தொலைந்துபோனதால், கலங்கரை விளக்கப் பொறியாளரான தன் தந்தையின் அலுவலகத்தில் கதையைப் பார்த்து மறுபடி வரைந்தார்கள். 1883இல் புத்தகம் வந்தது. முதலில் வரைபடம், பிறகு கதை என்ற இந்த வரிசை எழுதுகிறவர்களுக்கு உதவும், அதனால்தான் சொல்கிறேன். தன் வீட்டிலேயே அளவை செய்யும் அலுவலகம் உள்ள குடும்பத்தின் பிள்ளை அவர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நிலத்தை அளக்கிறவன் வேறு, அளக்கப்படுகிறவன் வேறு.

ரைடர் ஹாகார்டின் ‘சாலமன் அரசரின் சுரங்கங்கள்’ 1885இல் வருகிறது. அதிலும் ஒரு வரைபடம் உண்டு. மூன்று ஆங்கிலேயர்கள் ஆப்பிரிக்காவின் உள்ளே போய் வைரத்தோடு திரும்புகிறார்கள். நாவல் வெளிவந்த அடுத்த ஆண்டே, 1886இல், தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் உண்மையாகவே தங்கம் கண்டெடுக்கப்பட்டது. கற்பனையும் கொள்ளையும் ஒரே பாதையில் நடந்தன. ஹாகார்ட் 1875இல் காலனி அரசின் ஊழியத்துக்காகப் போய் இறங்கிய இடம் நேட்டால். அங்கே அவருக்கு முன்பே நம்மவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்திருக்கிறார்கள். சாதி என்ற கட்டத்தில் ‘பறையர்’ என்று எழுதப்பட்டவர்கள் அவற்றில் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று மேல்சாதிக்காரர்கள் பயந்துகொண்டிருந்த காலத்தில், சாதி போனால் போகட்டும் என்று கடலில் இறங்கியவர்கள் இவர்கள். சிங்கம், புயல், கப்பல், தெரியாத மொழி எல்லாம் அவர்கள் வாழ்க்கையில் இருந்தன. அதற்குச் சாகசம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ‘கூலி’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தியன் ஒருவன் நாயகனாகவே வரவில்லையா என்றால், வந்தான். ஜூல்ஸ் வெர்னின் கடலடிக் கப்பல் தலைவன் நெமோ ஓர் இந்தியன் என்று பின்னால் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் தெரிகிறது. புந்தேல்கண்டின் இளவரசன், திப்பு சுல்தானின் உறவினன். வெள்ளையனுக்கு எதிராகப் போராடும் இந்தியனைக் கற்பனை செய்யத் துணிந்த வெர்னுக்கும் அவன் அரசகுமாரனாக இருந்தால்தான் கற்பனை ஓடியது.

தமிழுக்கு வருவோம். 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ நமக்கு மந்திரவாதிகளையும் ராஜகுமாரர்களையும் தந்தது. வாண்டுமாமா போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்காக எழுதினார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1972இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வந்தது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டிஷ் படக்கதை ஒன்றின் தமிழ் வடிவம் அது. வாடகை நூல்நிலையத்திலோ பழைய பேப்பர் கடையிலோ அட்டை கிழிந்த ஒரு பிரதியாவது நம்மில் பலர் கைக்கு வந்திருக்கும். வந்திருக்கவேண்டும் என்றே ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அந்தச் சந்தோஷம் உண்மையானது. லீ ஃபாக் 1936இல் உண்டாக்கி, ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாக நமக்கு வந்துசேர்ந்த அந்த மனிதர், தலைமுறை தலைமுறையாகக் காட்டை ஆளும் வெள்ளைக்காரர். அவர் மண்டையோட்டுக் குகையைச் சுற்றிக் காவல் நிற்பவர்கள் குள்ள உருவமுள்ள கறுப்பு மனிதர்கள். படிக்கும்போது நாம் யாராக நம்மை நினைத்துக்கொண்டோம்? எல்லாப் பிள்ளைகளையும் போல, சிம்மாசனத்தில் இருப்பவராகத்தான். காவல் நிற்பவர்கள் நம் நிறத்தில் இருந்தார்கள் என்பதைப் பல ஆண்டு கழித்துத்தான் கண் பார்த்தது.

இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் போவது உலகம் முழுக்கப் பிள்ளைகளின் ஆசை. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார் மக்கள் பகலில் பிறர் கண்ணில் படவே கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததை 1930களின் பதிவுகள் சொல்கின்றன. அவர்கள் இரவில்தான் வெளியே வரவேண்டும். அங்கே மறைந்துபோவது வரமில்லை, விதி. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கு மாயாவிக் கதை எழுதினால், மந்திரம் எந்தத் திசையில் வேலை செய்யவேண்டும்? மறைய வைக்கவேண்டுமா, நட்டநடுப் பகலில் எல்லோர் முன்னாலும் தெரிய வைக்கவேண்டுமா? ஒரே மந்திரத்துக்கு இரண்டு தெருவில் இரண்டு பொருள். கற்பனைக்குச் சாதி இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் வைக்கும் பதில் இதுதான்.

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டு, வேலையும் செய்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1919இல் அந்த நாட்டில் இனக்கலவரங்களும் கொலைகளும் பெருகிய கோடைக்காலம். டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் தன் ‘க்ரைசிஸ்’ இதழில் அந்தக் கொடுமைகளை விடாமல் எழுதினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவருக்குக் கடிதம் எழுதினாள், வெள்ளையர்களை வெறுப்பதாக. அது டு பாய்ஸை உலுக்கியது. உண்மையைச் சொல்லாமலும் இருக்கமுடியாது, வெறுப்பை மட்டும் பிள்ளைகளுக்குச் சோறாகப் போடவும் முடியாது. 1920 ஜனவரியில் ‘பிரௌனீஸ் புக்’ என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். விலை 15 சென்ட். ஜெஸ்ஸி ஃபாசெட் என்ற பெண் இலக்கிய ஆசிரியர். இதழின் பாரம் பெரும்பாலும் அவர் தோளில்தான் இருந்தது. தேவதைக் கதைகள், வீரர்களின் வரலாறு, பிள்ளைகளின் கடிதங்கள், கறுப்புக் குழந்தைகளின் புகைப்படங்கள் எல்லாம் வந்தன. லாங்ஸ்டன் ஹியூஸின் ஆரம்பகாலக் கவிதைகள் அச்சேறியது அதில்தான். சந்தா போதாமல் 1921 டிசம்பரோடு, 24 இதழ்களில் நின்றுபோனது. சிறுபத்திரிகை நடத்தி நிறுத்திய அனுபவம் உள்ளவர்கள் இந்த அரங்கில் நிறையப்பேர் இருக்கிறீர்கள். மேற்கொண்டு நான் சொல்லவேண்டியதில்லை.

1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கணக்கெடுத்தார். ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி படப்புத்தகத்தைப் பார்த்து, இதில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று கேட்டது அதற்குத் தூண்டுதல். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 புத்தகங்களைப் பார்த்தார். ஒரே ஒரு கறுப்பு முகமாவது இருந்தவை 6.7 சதவீதம். தமிழில் அப்படி ஒரு கணக்கை யாராவது எடுக்கவேண்டும். நம் படக்கதைகளில் முகத்தைப் பார்த்துச் சாதி சொல்லமுடியாது என்பார்கள். தெருவைப் பார்த்துச் சொல்லலாம், வீட்டுக் கூரையைப் பார்த்துச் சொல்லலாம், அம்மா காலையில் என்ன வேலைக்குப் போகிறாள் என்பதைப் பார்த்துச் சொல்லலாம்.

லாரிக்கின் கட்டுரை வந்து மூன்று ஆண்டில், 1968இல், இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று வர்ஜீனியா ஹாமில்டன் எழுதிய ‘டீஸ் டிரியரின் வீடு’. ஹாமில்டனின் தாய்வழித் தாத்தா அடிமைத்தனத்திலிருந்து தப்பி வர்ஜீனியாவிலிருந்து ஓஹையோவுக்குக் கொண்டுவரப்பட்டவர். அந்த மாநிலத்தின் பெயரைத்தான் பேத்திக்கு வைத்தார்கள். கதையில் தாமஸ் என்ற பதின்மூன்று வயதுப் பையன். அப்பா வரலாற்றுப் பேராசிரியர். அவர்கள் குடியேறும் பழைய வீடு, தப்பியோடும் அடிமைகளுக்கு ஒரு காலத்தில் ஒளிவிடமாக இருந்தது. சுவருக்குள் வழி, தரைக்கடியில் சுரங்கம், ரகசியத்தைக் காத்துவரும் ஒரு கிழவர், புதையலுக்கு அலையும் பக்கத்து வீட்டார். பேய்க்கதையும் மர்மக்கதையும் சேர்ந்த விறுவிறுப்பு அது. ஆனால் அந்தச் சுரங்கம் எழுத்தாளர் சும்மா தோண்டியதல்ல. மனிதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தவழ்ந்துபோன வழி. ஸ்டீவன்சனின் புதையல் கொள்ளைக்காரர்கள் புதைத்தது; ஹாமில்டனின் புதையல் பாட்டன்மார் விட்டுப்போனது. அந்தப் பையன் தேடுவது பொன்னாக இருந்தாலும், கைக்கு வருவது வரலாறு. துன்பத்தைச் சொல்லியும் பிள்ளைக்குச் சாகசத்தைத் தரமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1975இல் ‘எம். சி. ஹிக்கின்ஸ்’ நாவலுக்காக நியூபெரி பதக்கம் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் இவரே.

இன்னொன்று உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’. லெ குவின் வெள்ளை இனத்தவர், மானுடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபரின் மகள். பதிப்பாளர் ஒருவர் சிறார் நாவல் கேட்டபோது முதலில் அவர் செய்தது ஒரு தீவுக்கூட்டத்தின் படம் வரைந்ததுதான். கதைகளில் மந்திரவாதிகள் எல்லாம் வெண்தாடிக் கிழவர்களாக இருக்கிறார்களே, அவர்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது எப்படி இருந்தார்கள் என்று யோசித்தார். கெட் என்ற அந்தப் பையன் மலையூரில் ஆடு மேய்க்கிறவன். அப்பா வெண்கலக் கொல்லர். செம்பழுப்பு நிறம். அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. அந்த உலகத்தில் வெள்ளை நிறத்தவர்கள் ஓர் ஓரத்தில் இருக்கும் கொள்ளைக்காரர்கள். இதை லெ குவின் பக்கத்துக்குப் பக்கம் பறைசாற்றவில்லை. சில அத்தியாயம் போன பிறகுதான் வாசகருக்கு உறைக்கும். பதிப்பகங்களுக்கு உறைக்கவே இல்லை. அட்டைப் படங்களில் கெட் வெளுத்துக்கொண்டே போனான். 2004இல் தொலைக்காட்சித் தொடர் எடுத்தபோது அவனை வெள்ளையாகவே ஆக்கிவிட்டார்கள். லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார்.

எர்த்ஸீயில் மந்திரம் என்பது உண்மைப் பெயரை அறிவது. ஒவ்வொருவருக்கும் வெளியில் புழங்கும் பெயர் ஒன்று, நம்பிக்கைக்கு உரியவருக்கு மட்டும் சொல்லும் உண்மைப் பெயர் ஒன்று. லெ குவினின் வீட்டில் இதற்கு முன்பே ஒரு பெயர்க்கதை இருந்தது. தன் இனம் முழுவதும் கொல்லப்பட்டபின் தனி ஒருவராக 1911இல் கலிபோர்னியாவில் காட்டிலிருந்து வெளியே வந்த பழங்குடி மனிதர் ஒருவரை க்ரோபர் அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார். தன் பெயரைத் தானே சொல்வது அவர் இன வழக்கில் இல்லை. ‘மனிதன்’ என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே பெயராக வைத்துக் கூப்பிட்டார்கள். 1916இல் அவர் இறந்தார். உண்மைப் பெயர் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. லெ குவினின் தாய் தியடோரா 1961இல் அவரைப் பற்றி நூல் எழுதினார். மகளின் நாவலுக்கு இதுதான் மூலம் என்று சொல்லமாட்டேன். ஃப்ரைடேக்குப் பெயர் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய குரூசோவிலிருந்து, அடுத்தவர் தன் பெயரைத் தானாகச் சொல்லும்வரை காத்திருக்கவேண்டும் என்று விதி வைத்த எர்த்ஸீ வரை வர, சாகசக் கதைக்கு 249 ஆண்டு பிடித்தது என்று மட்டும் சொல்கிறேன்.

லெ குவினை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தான் கட்டிய உலகத்தில் மந்திரப் பள்ளிக்குள் பெண்களுக்கு இடமில்லை என்பதை அவரே திரும்பிப் பார்த்தார். 1990இல் வந்த ‘தெஹானு’வில் அதே தீவுக்குத் திரும்பிப்போய், ஒரு விதவையின் கண்ணிலிருந்தும் நெருப்பில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமியின் பக்கத்திலிருந்தும் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். அந்த நாவலில் வாள்வீச்சு குறைவு, பாத்திரம் கழுவுவது அதிகம். பழைய வாசகர்கள் சிலருக்குக் கோபம். எனக்கு அதுதான் பிடித்தது.

2014இல் கிறிஸ்டோஃபர் மையர்ஸ் என்ற கறுப்பினப் படைப்பாளி ஒரு கட்டுரையில், முந்தைய ஆண்டு வந்த 3,200 சிறுவர் நூல்களில் 93 மட்டுமே கறுப்பின மக்களைப் பற்றியவை என்ற கணக்கைச் சுட்டினார். அதைவிட முக்கியமாக, அந்தச் சிலவும் அடிமை முறையைப் பற்றியவையாகவோ உரிமைப் போராட்டத்தைப் பற்றியவையாகவோ இருக்கின்றன, மேகத்துக்கு மேலே பறக்கிற, கடலுக்கடியில் போகிற கதைகளில் அந்தப் பிள்ளைகள் இல்லை என்ற பொருளில் எழுதினார். பிள்ளைகள் புத்தகத்தைக் கண்ணாடியாக மட்டும் பார்ப்பதில்லை, எங்கே போகலாம் என்று தெரிந்துகொள்ளும் வரைபடமாகப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம்.

இது நம்மைச் சுடவேண்டிய இடம். 1992இல் ‘கருக்கு’ வந்ததிலிருந்து தமிழ் தலித் எழுத்தின் பெரிய சாதனை சாட்சியம். அது தேவை, இன்னும் தேவை. ஆனால் வெளியிலிருந்து நம்மிடம் கேட்கப்படுவதும் சாட்சியம் மட்டும்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். கருத்தரங்குக்குக் கூப்பிடுவார்கள், வலியைச் சொல்லச் சொல்வார்கள், குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பறக்கும் படகைப் பற்றி எழுதிக்கொண்டு போனால், இதில் தலித் அனுபவம் எங்கே என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கற்பனை, நமக்கு அனுபவம் என்று ஒரு வேலைப் பிரிவினை. இதுவும் சாதிதான்.

முன்மாதிரிகள் நம் நாட்டிலேயே உண்டு. ஹைதராபாத்தின் அன்வேஷி என்ற பெண்ணிய ஆய்வு மையம் விளிம்புநிலைப் பிள்ளைகளின் உலகத்திலிருந்து ‘வேறுபட்ட கதைகள்’ என்ற வரிசையை 2008இல் கொண்டுவந்தது. அதில் கோகு ஷியாமளா எழுதிய கதையொன்றில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சத் தனியாகப் போகும் மாதிகா சிறுமி தன்மேல் பாயும் நிலக்கிழாரை எதிர்த்து அடித்துத் தப்பிக்கிறாள். ஊர் அவளுக்குத் தாடகை என்று பெயர் வைக்கிறது. ராமாயணம் அரக்கி என்று கொன்ற பெயர் இங்கே பட்டமாகிறது. 2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணா’வில், நான் முதலில் சொன்ன அந்த மசூர் பயணத்தையே துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்தார்கள். ரயில் பாம்பாக நெளிகிறது. அன்பான பேச்சு பறவை வடிவத்தில் வருகிறது, விஷப்பேச்சு தேள்கொடுக்கோடு வருகிறது. கதையைக் கட்டம்போட்டு அடைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். கோலம்போல் ஓடும் வளைகோடுகள்தான் பக்கத்தைப் பிரிக்கின்றன. மூடிக்கொண்ட பயணம் அந்தத் தாள்களில் திறந்துகொள்கிறது.

எழுத வருகிறவர்களிடம் ஓர் எச்சரிக்கையும் வைக்கிறேன். ஆட்டிடையனாக வளர்ந்த பையன் கடைசியில் அரசனின் காணாமல்போன மகன் என்று தெரிகிற கதை, கேட்க இனிக்கும். அது சாதியின் கதை. திறமை பிறப்பிலிருந்து வருகிறது, ரத்தம் ஒருநாள் வெளிப்பட்டே தீரும் என்பதுதான் அதன் உள்ளே இருப்பது. நாமும் ஆண்ட பரம்பரை என்று எழுதும் ஆசை நம் பையன்களுக்கும் வருகிறது. ஆண்டவன் யாரோ இருக்கட்டும். ஏரியை வெட்டியவன், மடையைத் திறக்கத் தெரிந்தவன், செத்த மாட்டின் தோலிலிருந்து இசையை எடுத்தவன் நம்மிடம் இருக்கிறான். எர்த்ஸீயின் கெட் யாருடைய ரகசிய வாரிசும் அல்ல, கொல்லர் மகன். அது போதுமானதாக இருந்தது.

நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் ஒருமுறை பிள்ளைகளிடம் சார்ட் தாளைக் கொடுத்து, உங்கள் கதைக்கு ஒரு தீவு வரையுங்கள் என்றோம். எரிமலை, முதலை, புதையல் என்று வந்தன. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் சேரியையும் பள்ளிக்கூடத்தையும் உள்ளபடியே வரைந்து, இரண்டுக்கும் நடுவில் நீலத்தை அப்பியிருந்தாள். அங்கே ஊர்த்தெருதானே இருக்கு என்று கேட்டேன். “ஆமா அக்கா. அந்தத் தெருவுல போனா எங்க தாத்தா இன்னும் செருப்பக் கையில எடுத்துக்குது. அதான் கடலாக்கிட்டேன். கடல்ல யாருமே செருப்பு போட்டுக்கிட்டுப் போக மாட்டாங்கல்ல” என்றாள். பிறகு தாத்தாவுக்கு ஒரு படகு வேண்டும் என்று சொல்லி, பச்சைக் கலரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உலகத்தை உண்டாக்குவது எப்படி என்று நான் வாசித்த நூல்கள் எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை. ஒரே ஒரு விதியை மாற்று, மற்றதெல்லாம் உள்ளபடி இருக்கட்டும்.

நம்மிடம் புதையல் வரைபடமும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்கிறோம். 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் எப்படியோ கைமாறிக் காணாமல் போனது. காரணை கிராமத்தில் அதை மீட்கப் போராடியதைத் தொடர்ந்து 1994 அக்டோபரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஸ்டீவன்சனின் தீவில் புதையலுக்காகச் செத்தவர்கள் கற்பனை மனிதர்கள்.

இதை ஏன் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கான சாகச நாவலாக எழுதக்கூடாது? வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறது. பாட்டியின் தகரப்பெட்டியில் மக்கிய ஒரு காகிதம். அதில் ஒரு சர்வே எண். அந்த எண் இன்றைய பட்டாவில் உட்பிரிவு உட்பிரிவாக உடைந்து கிடக்கிறது. பழைய ‘அ’ பதிவேட்டைப் பார்க்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அது கரையான் அரித்துவிட்டது என்கிறார். அப்படியானால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். மூன்று பிள்ளைகள், இரண்டு பேருந்து, கையில் எண்பது ரூபாய். எல்லைக்கல்லை யாரோ பிடுங்கி மாட்டுத்தொட்டிக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது ஆடு மேய்க்கும் பையனுக்கு மட்டும் தெரியும். நிலத்தை அளக்கும் சங்கிலியின் மறுமுனையை இந்த முறை நம் பிள்ளை பிடிக்கிறாள். அந்த நிலத்துக்கு அடியில் சுரங்கம் இருக்கிறதா, பேசும் பறவை இருக்கிறதா, ராத்திரியில் கல் தானாக நகர்ந்து தன் பழைய இடத்துக்குப் போகிறதா என்பதை எழுதுகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.